நாலு கம்பி, ஒரு விசிறி

ஜெர்மனியில் கருங்காடு என்று பேர்பெற்ற மலைப்பகுதியின் ஓரத்தில் காகெனாவ் என்றோர் ஊர். பாடன் சீமையை ஆண்ட லுட்விக் வில்ஹெல்ம் 1683-ல் அங்கே ஓர் இரும்புப் பட்டறையைத் தொடங்கிவைத்தார். சம்மட்டியும் உலையுமாக ஆணி அடித்துக்கொண்டிருந்த பட்டறை. ஊர்ப்பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்ட அந்த நிறுவனம், இன்றைக்குச் சமையலறைச் சுவருக்குள் பதிக்கிற ஓவன் செய்கிறது. 1986-ல் 90 சென்டிமீட்டர் அகலத்தில் இபி 300 என்று ஓர் ஓவனைக் கொண்டுவந்தார்கள். ஆணிப் பட்டறைக்கு 333 வயதானபோது, 2016-ல், அதைப் புதுப்பித்து இபி 333 என்று பெயர் சூட்டினார்கள். கதவின் முகப்பு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் ஒரே எஃகுத் தகடு. வந்த புதிதில் அமெரிக்காவில் விலை பத்தாயிரம் டாலர் வாக்கில். பிறந்தநாள் கொண்டாடுகிறவர்கள் பொதுவாக மற்றவர்களுக்கு மிட்டாய் கொடுப்பார்கள். இவர்கள் பில் கொடுத்தார்கள்.

இவ்வளவு காசு கொட்டி வாங்குகிற பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது? மேலே ஒரு கம்பி. தரைத்தகட்டுக்கு அடியில் ஒரு கம்பி. மேற்கூரையில் வளைந்து நெளிந்து ஓடும் கிரில் கம்பி. பின்சுவரில் ஒரு விசிறி, விசிறியைச் சுற்றி வளையமாக இன்னொரு கம்பி. தீர்ந்தது. விலை ஏற ஏற நீராவி சேரும், கேமரா சேரும், வைஃபை சேரும். அடிப்படை இந்த ஐந்து உருப்படிதான். ஐந்து சுவிட்சை எத்தனை விதமாகப் போட்டு அணைக்கலாம் என்று பள்ளிக்கூடக் கணக்குப் போட்டால் 32 வரும். ஆகவே கடைக்காரப் பையன் "முப்பது மோடு இருக்கு மேடம்" என்று சொல்லும்போது கணக்கில் பிழை ஏதுமில்லை. அந்த 32-ல் ஐந்துமே அணைந்திருக்கிற மோடு ஒன்றும் உண்டு. தமிழ்நாட்டில் அதிகம் புழங்குவது அதுதான்.

அந்த மோடில் ஓவனுக்குள் வைக்கத் தகுந்தவை பல. எண்ணெய்ச் சட்டி, முறுக்கு அச்சு, தீபாவளிக்கு மட்டும் வெளியே வரும் ஜாரிணி, மூடி தொலைந்த டப்பாக்கள். அறுபது சென்டிமீட்டர் அகலம், எழுபது லிட்டர் கொள்ளளவு, மூன்று அடுக்குக் கண்ணாடி, படாரென்று அறையாமல் மெல்லச் சாத்திக்கொள்ளும் கதவு, உள்ளே விளக்கு. அலமாரியாகப் பார்த்தால் இதைவிட உயர்ந்த அலமாரியை எந்த ஆசாரியும் செய்துதர முடியாது. என்றைக்காவது பேத்தி கேக் செய்தே தீருவேன் என்று அடம்பிடித்தால், முதல் அரைமணி நேரம் பாத்திரங்களுக்கு மாற்று இடம் தேடுவதில் போகும்.

சென்னையில் ஒரு ஷோரூம். கணவன், மனைவி, கணவனின் அம்மா. விற்பனைப் பையன் தொடுதிரையைத் தடவிக் காட்டிக்கொண்டிருந்தான்.

"இதுல ஸ்டீமும் இருக்கும்மா. இட்லிகூட வைக்கலாம்."

"ஒரு ஈடு வேக எவ்வளவு நேரம் ஆகும் தம்பி?"

"பதினஞ்சு நிமிஷம்."

"பானையிலயும் அவ்வளவுதானே ஆகுது?"

"பானைன்னா பக்கத்துலயே நிக்கணும்மா. இதுல வெந்ததும் போனுக்கு மெசேஜ் வந்துரும்."

"மெசேஜ் வரட்டும். யாரு எடுத்து வைக்கிறது?"

பையன் அதற்குப் பிறகு கேமராவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான்.

வாங்கி வந்தவர்களை முதலில் மிரட்டுவது குமிழ்மேல் இருக்கும் படங்கள். ஆனால் அவற்றை வாசிப்பது கஷ்டமில்லை. சதுரம்தான் ஓவன். எந்தப் பக்கம் கோடு இருக்கிறதோ அந்தப் பக்கம் சூடு. மேலும் கீழும் கோடு இருந்தால் இரண்டு பக்கச் சூடு. ஸ்பாஞ்ச் கேக்குக்கு அது போதும். கீழே மட்டும் கோடு என்றால் அடிச்சூடு. பீட்சாவின் அடிப்பக்கம் சவசவ என்று இருந்தால் கடைசிச் சில நிமிடங்களுக்கு அதைப் போடலாம். மேலே பல்பல்லாக நெளிந்த கோடு, கிரில். வட்டத்துக்குள் விசிறி இருந்தால் வளையக் கம்பியும் விசிறியும் சேர்ந்து வேலை செய்கின்றன என்று பொருள். பல ஓவன்களில் பனித்திவலைப் படம் ஒன்றும் இருக்கும். அது ஃப்ரீசரில் இருந்து எடுத்ததை இளக்குவதற்கு. அந்த மோடில் சூடே கிடையாது, விசிறி மட்டும் சுற்றும். லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய டேபிள் ஃபேன்.

விசிறியைக் கேலி செய்தாலும் ஓவனில் நிஜமான அறிவு என்று ஒன்று இருந்தால் அது அங்கேதான் இருக்கிறது. அசையாத காற்றில் உணவைச் சுற்றிக் குளிர்ந்த காற்று மெல்லிய போர்வையாகத் தங்கிவிடும். விசிறி அதை விலக்கிக்கொண்டே இருப்பதால் சூடு சீக்கிரம் ஏறுகிறது. சாதாரண மோடில் 180 டிகிரி கேட்கும் கேக்குக்கு விசிறி மோடில் 160 போதும் என்று சமையல் புத்தகங்கள் சொல்வது இதனால்தான். மூன்று தட்டு பிஸ்கட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் மூன்றும் ஏறத்தாழ ஒரே நிறத்தில் வரும். இந்த 20 டிகிரியைக் குறைக்க மறந்து, "விலை கூடின ஓவன், அதான் சூடு அதிகம்" என்று பெருமையாகக் கருகல் கேக்கைப் பரிமாறும் குடும்பங்களும் இருக்கின்றன.

ஒரு காலத்தில் சூடு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள, ரொட்டி சுடுகிறவர்கள் அடுப்புக்குள் கையை நீட்டிப் பார்ப்பார்கள். ஒரு துண்டுக் காகிதத்தையோ ஒரு பிடி மாவையோ போட்டு, எவ்வளவு நேரத்தில் பழுப்பாகிறது என்று கணக்கு வைத்தவர்களும் உண்டு. 1923-ல் இங்கிலாந்தில் ரெகுலோ என்ற வெப்பக்கட்டுப்பாட்டுக் குமிழ் கேஸ் அடுப்பில் வந்தபிறகுதான் வீட்டுச் சமையலறையில் அந்த வித்தைக்கு ஓய்வு கிடைத்தது. இன்றைக்கு இறைச்சிக்குள் குத்திவைக்கும் ஊசி உள்வெப்பத்தை டிகிரி டிகிரியாகச் சொல்கிறது, கேமரா மேல்பரப்பு எவ்வளவு சிவந்திருக்கிறது என்று அளக்கிறது. ஆனாலும் கண்ணாடி வழியே குனிந்து எட்டிப் பார்க்காத சமையல்காரர் உலகத்தில் இன்னும் பிறக்கவில்லை.

அடுத்தது ஈக்கோ மோடு. இதன் கதை செங்கல்லில் தொடங்குகிறது. ஐரோப்பாவில் விற்கும் ஓவன்களின் கதவில் மின்செலவைக் காட்டும் லேபிள் ஒட்டவேண்டும் என்பது சட்டம். எத்தனை யூனிட் செலவாகிறது என்று அளக்க ஏதாவது ஒன்றைச் சுட்டாகவேண்டும். கோழி வைத்தால் கோழிக்குக் கோழி எடை மாறும், கொழுப்பு மாறும். எனவே தரநிர்ணயக்காரர்கள் நுண்துளை நிறைந்த ஒரு செங்கல்லைத் தேர்ந்தெடுத்தார்கள். அதைத் தண்ணீரில் ஊறவைத்து, ஐந்து டிகிரிக்குக் குளிரவைத்து, நடுவில் வெப்பமானி சொருகி ஓவனுக்குள் ஏற்றுவார்கள். செங்கல்லின் நெஞ்சுப் பகுதியில் சூடு இன்னும் 55 டிகிரி கூடும்வரை எவ்வளவு மின்சாரம் செலவானது என்பதுதான் கணக்கு. ஏ பிளஸ் வாங்கிய ஓவன் என்றால், அது ஈரச் செங்கல்லைச் சிக்கனமாகச் சூடாக்கும் ஓவன். அதில் பிரியாணி தம் எப்படி வரும் என்பதை லேபிள் சொல்லாது.

சோதனையில் நல்ல மார்க் எடுக்கப் பிறந்த பிள்ளைதான் ஈக்கோ மோடு. சூட்டை மெல்ல ஏற்றும், கம்பியைச் சீக்கிரம் அணைத்துவிட்டு மிச்சச் சூட்டில் காலம் தள்ளும், பல மாடல்களில் உள்விளக்கையும் அணைத்துவிடும். கதவைத் திறக்காதே என்று கையேட்டில் கண்டிப்பாக எழுதியிருக்கும். அரைமணியில் ஆகிற வேலை ஒருமணி ஆகலாம். சிக்கனம் உண்மைதான், பசியோடு காத்திருப்பவர்களின் பொறுமை மட்டும் அதில் கணக்கில் வராது.

நீராவிக்கு வருவோம். 200 டிகிரி சூடான ஓவனுக்குள் கையை ஒரு கணம் நீட்டி எடுத்தால் அனல் அடிக்கும், அவ்வளவுதான். 100 டிகிரி ஆவி விரலில் பட்டால் கொப்பளித்துவிடும். ஆவி தோலில் பட்டுத் தண்ணீராக மாறும்போது ஒவ்வொரு கிராமும் ஐந்நூறு கலோரிக்கு மேல் வெப்பத்தைக் கொட்டுகிறது. இட்லிப் பானை இத்தனை காலமாக இதைத்தான் செய்துவருகிறது. ஓவன் கூடுதலாகச் செய்வது கலப்பு. முப்பது சதவீத ஈரம், அறுபது சதவீத ஈரம் என்று சூடான காற்றோடு அளந்து கலக்கிறது. ரொட்டி சுடும்போது முதல் சில நிமிடங்கள் ஆவி பட்டால் மேல்தோல் சீக்கிரம் இறுகாமல் மாவு நன்றாக எழும்பும், பிறகு வறண்ட சூட்டில் மொறுமொறுப்பு ஏறும். இதைப் பானையில் செய்யமுடியாது, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மீலே என்ற இன்னொரு ஜெர்மன் நிறுவனம் 1899-ல் பாலாடை பிரிக்கும் எந்திரம் செய்யத் தொடங்கி, இன்று ஓவனும் செய்கிறது. அதன் சில மாடல்களில் ஆவிக்கான தண்ணீரை ஓவன் தானே குடித்துக்கொள்ளும். பொத்தானை அழுத்தினால் பலகைக்கு அடியில் இருந்து ஒரு சின்னக் குழாய் வெளிப்படும். தண்ணீர் உள்ள டம்ளரை அதன் நுனியில் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். ஓவன் சர்ரென்று உறிஞ்சிவிட்டு, போதும் என்று நிறுத்தும். விருந்தாளி முன்னால் இதைச் செய்துகாட்டியவர்கள் அன்றைக்கு என்ன சமைத்தார்கள் என்பது யாருக்கும் நினைவிருப்பதில்லை.

தண்ணீர் என்றதும் நம் ஊர்த் தொல்லையும் கூடவே வந்துவிடுகிறது. ஆவி ஓவனை மாட்டியதும் அது கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, உங்கள் வீட்டுத் தண்ணீரின் கடினத்தன்மை என்ன என்பது. சோதித்துப் பார்க்கக் காகிதப் பட்டையும் கூடவே வரும். சென்னை போர் தண்ணீரில் அதை முக்கினால் ஓவனுக்கே வருத்தமாக இருக்கும். சரி, ஆர்ஓ தண்ணீர் ஊற்றலாம் என்றால் அதிலும் சிக்கல் உண்டு. சில மாடல்கள் தண்ணீர் இருக்கிறதா என்பதை அதன் வழியே மின்சாரம் கடக்கிறதா என்று பார்த்துத்தான் கண்டுபிடிக்கின்றன. உப்பு ஏறக்குறைய இல்லாத தண்ணீரில் மின்சாரம் சரியாகக் கடக்காது. தொட்டி நிறையத் தண்ணீர் இருக்க, திரையில் 'தொட்டியை நிரப்பவும்' என்று வரும். உப்பு கூடினால் உப்புப் படிவத்தைக் கரைக்கச் சொல்லி எச்சரிக்கை. அதைத் தொடர்ந்து தள்ளிப்போட்டால் ஒருநாள் ஆவி மோடுகளைப் பூட்டிவிட்டு, சுத்தம் செய்தால்தான் திறப்பேன் என்று நிற்கும். லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற ஊர்க்காரர்களிடம் இவ்வளவு கறார் கூடாது.

சுத்தம் செய்யும் மோடு தனிக் காவியம். 1963-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கொண்டுவந்த யோசனை இது. துடைக்கவும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம், எண்ணெய்க் கறையை எரித்துச் சாம்பலாக்கிவிடு. பைரோலிசிஸ் மோடைப் போட்டால் கதவு பூட்டிக்கொள்ளும், உட்பகுதி 500 டிகிரியை நெருங்கும், இரண்டு மூன்று மணி நேரம் அப்படியே நிற்கும். ஆறியபிறகு ஈரத்துணியால் ஒருதடவை சாம்பலை வழித்தால் வேலை முடிந்தது. உள்ளே இருக்கும் தட்டுகளை முன்பே எடுத்துவிடவேண்டும் என்பது விதி, முறுக்கு அச்சையும்தான். ஜன்னலைத் திறந்துவைக்கவேண்டும். வீட்டில் கிளியோ லவ் பேர்ட்ஸோ வளர்த்தால் அவற்றைச் சமையலறையில் இருந்து வெகுதூரம் அப்புறப்படுத்துவது அவசியம். பறவைகளின் நுரையீரல் அந்தப் புகையைத் தாங்காது. கையேட்டிலேயே எச்சரிக்கிறார்கள், இது வேடிக்கையான விஷயம் இல்லை.

வேடிக்கை, இந்த மோடில் சமைத்த மனிதர்தான். பெயர் ஜெஃப் வரசானோ. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் வளர்ந்தவர், மென்பொருள்காரர். பையனாக இருந்தபோது ரூபிக் கியூபை வேகமாகச் சேர்க்கும் வித்தையைப் பற்றி 1981-ல் புத்தகமே போட்டவர். அட்லாண்டாவுக்குக் குடிபோனபிறகு ஊர் பீட்சாவின் நினைவு அவரை விடவில்லை. வீட்டு ஓவன் 290 டிகிரிக்கு மேல் ஏறாது, அவர் கேட்ட பதத்துக்கோ நானூறையும் தாண்டவேண்டும். பைரோலிசிஸ் மோடு அதைத் தாண்டும், ஆனால் கதவு பூட்டிக்கொள்கிறதே. தோட்டத்தில் செடி வெட்டும் கத்தரியை எடுத்தார், கதவுப் பூட்டின் கொக்கியைத் துண்டித்தார். கண்ணாடி தெறிக்காமல் இருக்க அலுமினியத் தாளைச் சுற்றினார். அந்த ஓவனில் கற்றதைக்கொண்டு 2009-ல் அட்லாண்டாவில் தன் பெயரிலேயே கடை திறந்துவிட்டார். பாதுகாப்பு நிபுணர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள், வாரன்டி அட்டை வாயைப் பொத்திக்கொள்ளும். ஆனாலும், அணைந்திருக்கும் மோடில் அப்பளக்கட்டு அடுக்குகிற நம்மைவிட அவர் ஓவனை மதித்தவர் என்றுதான் சொல்லவேண்டும்.

ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கென்று ஒரு மோடை மிகுந்த சிரத்தையோடு செய்திருக்கிறார்கள். யூதர்களின் ஓய்வுநாளுக்கானது அது. வெள்ளி அந்தி முதல் சனி இரவுவரை நெருப்பு மூட்டுவதும் விளக்கேற்றுவதும் அவர்களுக்கு விலக்கு. ஓவன் கதவைத் திறந்தால் விளக்கு எரியும், அதுவே விரதபங்கம். எனவே இந்த மோடில் கதவைத் திறந்தாலும் விளக்கு மாறாது, பீப் ஒலி கிடையாது, திரையில் எண் ஓடாது. பன்னிரண்டு மணி நேரத்தில் தானாக அணையும் பாதுகாப்பும் ஒதுங்கி நிற்கும். முன்கூட்டியே சமைத்த உணவு உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும். பண்டிகை நாட்களுக்காகச் சில ஓவன்களில் சூட்டை மாற்ற அனுமதி உண்டு. பொத்தானை அழுத்தினாலும் உடனே ஒன்றும் நடக்காது. சில நொடிகள் கழித்து, எப்போது என்று சொல்லாமல், மாறும். அழுத்தியதற்கும் மாறியதற்கும் நேரடித் தொடர்பு இல்லாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் பால்டிமோரைச் சேர்ந்த ஸ்டார்-கே என்ற அமைப்பு இத்தகைய ஓவன்களைச் சோதித்துச் சான்று தருகிறது. சம்பந்தமே இல்லாத வீட்டில் துணியால் பலகையைத் துடைக்கும்போது இந்த மோடு விழுந்துவிட்டால், ஓவன் சூடாகவே இருக்கும், எதைத் தொட்டாலும் பதில் வராது. சர்வீஸ்காரரைக் கூப்பிடுவதற்கு முன் ஒன்று தெரிந்துகொள்ளலாம்: அது விரதத்தில் இருக்கிறது.

தானியங்கிச் சமையல் பட்டியலைப் படிப்பது ஒரு சுற்றுலா. ஜெர்மன் ஓவன்களின் திரையில் வாத்து ரோஸ்ட், மான் தொடை, முயலின் முதுகுக்கறி, கிறிஸ்துமஸ் பிஸ்கட் என்று வரிசையாக ஓடும். மானைத் தொட்டால் வனத்துறை வரும் நாட்டில் அந்தப் பொத்தானை யாரும் அழுத்தமாட்டார்கள். உலர்த்தும் மோடு என்று ஒன்று: அறுபது டிகிரியில் மணிக்கணக்காக விசிறி ஓடி தக்காளியையும் காளானையும் வற்றவைக்கும். மே மாதத்து மொட்டைமாடி இதை இலவசமாகச் செய்கிறது. காக்காவை விரட்ட ஆள் மட்டும் வேண்டும்.

விலையின் உச்சிக்கு ஒருதரம் போய்வந்துவிடலாம். 2017-ல் பெர்லின் கண்காட்சியில் மீலே நிறுவனம் டயலாக் ஓவன் என்ற ஒன்றைக் காட்டியது, விலை எட்டாயிரம் யூரோ அளவில். பனிக்கட்டிப் பாளத்துக்குள் பதித்த மீன் துண்டை உள்ளே வைத்தார்கள். மீன் வெந்தது, பனி உருகவில்லை. மாயமில்லை. சுமார் 900 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைகளைத் திரவத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும், உறைந்த பனி கிட்டத்தட்ட உறிஞ்சாது. உணவு எவ்வளவு அலையை வாங்கிக்கொண்டது என்று ஓவன் அளந்து, அதற்கேற்ப அடுத்த அலையை அனுப்புகிறது. காசிமேட்டுக்காரர்கள் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. மீன் வெந்தது சரி, குழம்பு எங்கே கொதிக்கும்?

இத்தனை அறிவையும் வீழ்த்த ஒரு பவர்கட் போதும். கரண்ட் போய் வந்ததும் பல ஓவன்களின் கடிகாரம் பூஜ்ஜியத்தில் கண்சிமிட்டும். நேரத்தைச் சரிசெய்யும்வரை சில மாடல்கள் சூடே ஆகாது. சர்வீஸ் ஆள் வந்து, ஒரு பொத்தானை அழுத்திக் கடிகாரத்தைத் திருத்திவிட்டு, வருகைக் கட்டணம் வாங்கிப்போகிற அழகை நேரில் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. ஷோரூமுக்கென்று உள்ள டெமோ மோடு இன்னொரு வகை. விளக்கு எரியும், விசிறி சுற்றும், திரை மின்னும், சூடு மட்டும் வராது. மாட்டித் தருகிறவர் அதை எடுத்துவிட மறந்தால், மூன்று மணி நேரம் 'சுட்ட' கேக் ஊற்றிய மாவாகவே திரும்பி வரும்.

கடல்கடந்த தமிழ் வீடுகளில் ஓவனின் மிகமுக்கியமான பாகம் கம்பியும் இல்லை, விசிறியும் இல்லை. உள்விளக்கு. நியூஜெர்சியிலோ டொராண்டோவிலோ ஜனவரி மாதம் இட்லி மாவைச் சமையல் மேடையில் வைத்தால் இரண்டு நாளானாலும் அசையாது. ஓவனைப் பற்றவைக்காமல் உள்ளே மாவுப் பாத்திரத்தை வைத்து, விளக்கை மட்டும் போட்டு ராத்திரி முழுக்க விட்டுவிடுவார்கள். பழைய ஓவன்களில் இருப்பது இருபத்தைந்து அல்லது நாற்பது வாட் இழை பல்பு. அதன் சூட்டுக்கு மூடிய பெட்டிக்குள் நம் ஊர் சித்திரை மாதம் வந்துவிடும். காலையில் மாவு பொங்கி நிற்கும். உயர்ரகப் புது ஓவன்களில் பலவற்றில் எல்இடி விளக்கு. பளிச்சென்று எரியும், சூடு கொடுக்காது. பழைய ஓவனைக் கழித்துவிட்டுப் புதிதாக மாட்டிய வீடுகளில் முதல் இட்லி கல்லாக வருவது இதனால்தான். அதற்குப் பதில் ரொட்டி மாவு பொங்கவைக்கும் மோடு இருக்கிறது, 30 முதல் 40 டிகிரிவரை வைக்கலாம், நம் மாவுக்கும் அது நன்றாகவே பொருந்தும். ஐரோப்பிய ரொட்டி மாவு ஒருமணி நேரத்தில் எழும்பிவிடும் என்பதால் சில ஓவன்கள் அந்தக் கணக்கிலேயே நேரத்தைப் போட்டுவைத்திருக்கும். உளுந்து போட்ட மாவுக்கு எட்டு மணியாவது வேண்டும் என்பதை நாம்தான் அழுத்திச் சொல்லவேண்டும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ராத்திரி மாவு உள்ளே போனது தெரியாமல், காலையில் எழுந்த பிள்ளை பீட்சாவுக்காக 220 டிகிரிக்கு ப்ரீ-ஹீட் போட்டுவிடும். பிளாஸ்டிக் மூடி உருகி வழியும் நாற்றம் வந்தபிறகுதான் வீடு விழித்துக்கொள்ளும். ஆகையால் ஊரில் இருந்து வந்திருக்கும் பாட்டி, தொடுதிரைக்கு நேர்மேலே, விரல் வேறெங்கும் போகமுடியாதபடி ஒரு தாளை ஒட்டிவைத்திருக்கிறார்: 'உள்ளே மாவு இருக்கு. தொடாதே.'